தரையில் துவண்ட கால், தண்ணீரில் நடந்தது!
சொத்தைக் கொட்டிக் குளம் வாங்கிய ரூஸ்வெல்ட்

அமெரிக்காவில் 12 ஆண்டு ஜனாதிபதியாக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். ஆனால் துணை இல்லாமல் நாலு அடி நடக்க அவரால் முடியாது!

1921 ஆகஸ்டில் கனடா நாட்டுத் தீவு ஒன்றுக்கு விடுமுறைக்குப் போனார். திடீர் காய்ச்சல். சில நாளில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. 39 வயதுக்காரருக்கு இளம்பிள்ளை வாதம் என்றார்கள் டாக்டர்கள். (வேறு நரம்பு நோயாக இருக்கலாம் என்று 2003-ல் சில ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.)

குளத்தில் இறங்கினார்

1924-ல் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஊற்றுத் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சூடு 88 டிகிரி பாரன்ஹீட்.

குளத்தில் இறங்கினார். மரக்கட்டை போலக் கிடந்த கால் அசைந்தது! பிறகு நாலு அடி ஆழத்தில் ஊன்றுகோல் இல்லாமலே நடந்தார்.

ஆள் விடுவாரா? 1926-ல் அந்த இடத்தையே வாங்கிவிட்டார். விலை சுமார் 2 லட்சம் டாலர். அவர் சொத்தில் பெரும்பகுதி அது. மற்ற நோயாளிகளும் வந்தார்கள். ஆனால் வெள்ளைக்காரர் மட்டும்! கறுப்பர்களுக்கு 1941-ல் அலபாமாவில் டஸ்கிகீ என்ற ஊரில் தனியாக ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார்கள்.

மருந்து எது?

தண்ணீரில் மாயம் ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் மூழ்கிய குடம் கனக்காது. மேலே வந்ததும்தான் கை இழுக்கும். அதே கணக்குத்தான். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரின் கால் தாங்குவது, உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நோஞ்சான் தசைக்கும் அது முடியும். பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் இப்போது இப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

சூடு ஆகாது!

அதற்காக, "சுடுதண்ணியில உட்கார வச்சா சரியாப் போயிடும்" என்று வீட்டிலேயே ஆரம்பித்துவிடக் கூடாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குச் சூடு ஆகாது. கண் மங்கும், கால் துவளும். ஒரு காலத்தில் அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கவே, ஆளைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தார்கள்! வலிப்பு உள்ளவர்கள் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

ரூஸ்வெல்ட்டுக்குக் குணமானதா? இல்லை. செத்த நரம்பு செத்ததுதான். கரையேறினால், எழுந்து நிற்கவே காலில் இரும்புப் பட்டை மாட்ட வேண்டும். ஆனாலும் ஜனாதிபதியான பிறகும் அடிக்கடி அங்கே போனார். 1945 ஏப்ரல் 12-ந்தேதி அவர் உயிர் பிரிந்ததும் வார்ம் ஸ்பிரிங்சில்தான்.