இரண்டாவது விருப்பம் எப்போது எண்ணப்படும்?

திருவனந்தபுரம்: எல்லாத் தரப்பினரும் ஏற்கக்கூடிய சமரச வேட்பாளருக்கு விருப்ப வாக்கு முறை கைகொடுக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கேரள சட்டப்பேரவையின் 140 உறுப்பினர்களை வைத்துக் கணக்குப் போட்டால் அது பொய்த்துப் போகிறது.

மாநிலங்களவையில் கேரளத்துக்கு உள்ள 9 இடங்களுக்கும் சட்டப்பேரவை உறுப்பினர்களே விருப்ப வரிசைப்படி வாக்களிக்கின்றனர். ஓர் இடத்துக்கு இடைத்தேர்தல் வந்து அனைவரும் வாக்களித்தால் வெற்றிக்கு 71 வாக்குகள் தேவை. இரு அணிகளின் வேட்பாளர்கள் முறையே 65, 60 முதல் விருப்ப வாக்குகளும், பொது வேட்பாளர் ஒருவர் 15 வாக்குகளும் பெறுவதாக வைத்துக்கொள்வோம். அந்த 125 பேரும் இரண்டாவது விருப்பத்தைப் பொது வேட்பாளருக்கே அளித்திருந்தாலும் பயனில்லை. குறைந்த வாக்கு பெற்றவர் என்பதால் அவரே முதலில் நீக்கப்படுவார். அவருடைய 15 சீட்டுகளில் மட்டுமே அடுத்த விருப்பம் பார்க்கப்படும். இத்தனைக்கும், நேரடிப் போட்டியில் இரு அணி வேட்பாளர்களில் எவரையும் அவர் தோற்கடித்திருப்பார்.

முன்னாள் கேரள ஆளுநர் வி.வி. கிரி வெற்றி பெற்ற 1969-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்த எண்ணிக்கை முறை நாடறியச் சோதிக்கப்பட்டது. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கிற்கு 1,12,769 என வாக்கு மதிப்புகள் கிடைத்தன. தேவையான 4,18,169-ஐ எவரும் எட்டவில்லை. தேஷ்முக் உள்ளிட்ட மற்றவர்கள் நீக்கப்பட்டபோது, அவர்களது அடுத்த விருப்பங்களில் பெரும்பகுதி ரெட்டிக்கே சென்றது. எனினும் 4,20,077 பெற்று கிரி கரையேறினார். ரெட்டி 4,05,427-ல் நின்றார். கிரி, ரெட்டி ஆதரவாளர்கள் தேஷ்முக்கிற்கு எந்த இடம் அளித்திருந்தனர் என்பது எண்ணிக்கைக்கு வரவே இல்லை.

அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 2009-ல் இதே நிலை ஏற்பட்டது. தனித்தனிப் போட்டியில் இருவரையும் வெல்லக்கூடியவராக இருந்த ஆண்டி மான்ட்ரோல், 2,063 முதல் விருப்பங்களுடன் மூன்றாமிடத்தில் வெளியேறினார். மறு ஆண்டே அந்நகர வாக்காளர்கள் இம்முறையைக் கைவிட்டனர்.

கேரளத்தில் சமரச வேட்பாளருக்கு வேறொரு தடையும் உண்டு. மாநிலங்களவைத் தேர்தலில் 2003 முதல் வெளிப்படையான வாக்குமுறை நடைமுறையில் உள்ளது. கட்சி உறுப்பினர் தமது சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிய பிறகே பெட்டியில் இட வேண்டும். இரண்டாவது விருப்பமும் அவர் கண்ணில் படாமல் போகாது. 2022, 2024 ஆண்டுகளில் தலா மூன்று இடங்களும் போட்டியின்றியே நிரப்பப்பட்டதால், சீட்டுகளுக்கே வேலை இருக்கவில்லை.