படம் சொல்லும் புவிச்சரிதம்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. புவிச்சரிதவியல் பயிலப் புகும் மாணாக்கர்க்கு இதனினும் சிறந்த பாயிரம் வேறில்லை. பாடநூலிலே படம் வந்தால் அதனை அலங்காரமெனக் கருதிப் பக்கத்தைப் புரட்டிவிடுதல் பலர்க்கும் வழக்கம். செய்யுளுக்குப் பதவுரை காண்பது போலப் படத்துக்கும் பதவுரை காணல் வேண்டும் என்பதை உணர்ந்தோர் சிலரே.

படம் ஏமாற்றவும் வல்லது. அருகே ஒரு சுத்தியலோ நாணயமோ இல்லாதவிடத்துக் கைப்பிடிக் கல்லும் பெருங்குன்றும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வானிலிருந்து எடுத்த படங்களில் வெயில் படத்தின் கீழ்ப்புறத்தினின்று விழுமாயின், பள்ளத்தாக்கு மலைத்தொடராகவும் மலைத்தொடர் பள்ளத்தாக்காகவும் மயக்கும். ஒளி மேலிருந்து வருவதே நம் கண்ணுக்குப் பழக்கமாதலின் இம்மயக்கம் நேர்கின்றது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அது தீரும். ஆதலின், அளவு யாது, ஒளி எத்திசையது, எடுத்த காலம் எது என்னும் மூன்று வினாக்களையும் வினவாமல் எப்படத்தையும் நம்புதல் தகாது.

நிற்க. இவ்வாறு வினவிப் படங்களைக் கற்றதனால் விளைந்த பயனுக்குச் சென் ஹெலன்ஸ் மலையின் வரலாறு தக்க சான்றாகும். அமெரிக்காவின் வடமேற்கிலே, வோஷிங்ரன் மாநிலத்திலுள்ள எரிமலை அது. நூறாண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1980 மார்ச்சு மாதத்தில் விழித்தது. உள்ளே ஏறிய பாறைக்குழம்பு மலையின் வடபுறத்தை வெளியே தள்ளிற்று. முந்திய ஆண்டில் விமானத்திலிருந்து எடுத்த படங்களோடு புதிய படங்களை ஒப்பிட்டு அப்புடைப்பை அறிஞர் அளந்தனர். ஓரிடத்தை இரு நிலைகளிலிருந்து எடுத்த இரு படங்களுள் ஒன்றை இடக்கண்ணும் மற்றதை வலக்கண்ணும் நோக்குமாறு வைத்தால், மேடும் பள்ளமும் எழுந்து நிற்பன போலத் தோன்றும், உயரங்களையும் கணித்துக்கொள்ளலாம். தரையில் நின்று கருவிகொண்டு அளந்தோரும் அப்பக்கம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் புடைத்து வருதலைக் கண்டனர்.

மே மாதம் 18 ஆந் திகதி காலை 8.32 மணிக்கு நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ 18 கிலோமீற்றருக்கு அப்பால் முகாமிட்டிருந்த கேரி ரோசன்குவிஸ்ற் என்பவர் தம் கமராவால் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து படங்களை எடுத்தார். அவற்றைப் பிறர் எடுத்த படங்களோடும் நிலநடுக்கப் பதிவுகளோடும் ஒப்பிட்ட அறிஞர், நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தினர். வடபுறம் பெருந்துண்டுகளாக வழுக்கி இறங்க, பாரம் நீங்கிய மலையினுள்ளே அடைபட்டிருந்த ஆவி, மூடி கழற்றிய சோடாப் போத்தலினின்று போலப் பக்கவாட்டிலே சீறிற்று. வெடித்ததனால் மலை சரியவில்லை. சரிந்ததனாலேயே அவ்வாறு வெடித்தது! ஏறத்தாழ 600 சதுரக் கிலோமீற்றர் நிலம் பாழாயிற்று. மலையின் உயரம் 400 மீற்றர் அளவு குறைந்தது. 57 பேர் மாண்டனர்.

மாண்டாருள் றொபேட் லான்ஸ்பேர்க் என்னும் படப்பிடிப்பாளரும் ஒருவர். சாம்பல் முகில் தம்மை நோக்கி வருவதையும் தப்ப வழியின்மையையும் கண்ட அவர், இயன்றவரை படமெடுத்தார். பின்னர்ப் படச்சுருளை மீளச் சுற்றித் தோட்பையினுள் வைத்து, அப்பையின்மேல் தம் உடலைக் கிடத்தி அதனைக் காத்தார். 17 நாட்களின் பின் அவர் உடலும் பையும் கண்டெடுக்கப்பட்டன. சிதைவுற்றனவாயினும் அப்படங்கள் அறிஞர்க்குப் பயன்பட்டன.

சென் ஹெலன்ஸ் கற்பித்த பாடம் அம்மலையோடு நின்றுவிடவில்லை. கலிபோர்னியாவிலுள்ள சாஸ்ரா மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கில் எண்ணற்ற சிறு குன்றுகள் உள. 1980 இன் பின்னரே அவை, 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் ஒரு மலை சரிந்து சிதறிய எச்சங்கள் என உணரப்பட்டன. எரிமலையின் வாயை மட்டுமன்றி அதன் பக்கங்களையும் காவல் செய்தல் வேண்டும் என்பதும் உலகுக்குத் தெளிவாயிற்று. அடிவாரத்தில் வாழும் மக்களின் உயிர் இவ்வறிவிலே தங்கியுள்ளதன்றோ?

ஆசிரியர்களே, இத்தகைய படத்தை வகுப்பிலே காட்டும்போது விளக்கத்தை உடனே கூறிவிடாதீர்கள். முதலில் மாணாக்கர் நோக்கட்டும், நோக்கியதை எழுதட்டும், அதன்பின் காரணம் தேடட்டும். மாணாக்கர்களே, கிணற்றுச் சுவரிலோ கடலரித்த கரையிலோ மண்ணடுக்கைக் கண்டால், அருகே ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். திகதியையும் திசையையும் குறியுங்கள். மாரி கழிந்தபின் அதேயிடத்தில் நின்று மீண்டும் எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அசையாதது என நாம் எண்ணிய நிலம் அசைந்தமை புலனாகும். ஒருவர் தம் உடலை அரணாக்கிக் காத்தவையும் இத்தகைய படங்களே. அவற்றை நின்று நோக்காமற் புரட்டிவிடுதல் முறையன்று.