படவேடு: இராஜதானியாய் இருந்த கிராமம்

திருவண்ணாமலையிலிருந்து வடக்கே வேலூர் செல்லும் சாலையில் கலசபாக்கத்தையும் போளூரையும் கடந்து, சந்தவாசலில் மேற்கே திரும்பினால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நதியின் நீர்வளத்தால் செழித்த வாழைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே படவேடு என்னும் கிராமம் அமைந்திருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் இங்குள்ள ரேணுகாம்பாள் அம்மனைத் தரிசிக்கத் திரள்திரளாக வந்து, முடி காணிக்கை செலுத்தி, பொங்கலிட்டு, பிரசாதத்துடன் ஊர் திரும்பும் பக்தர்களில் பலர், தாங்கள் மிதித்த மண் ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் இராஜதானியாக விளங்கிய மண் என்பதை அறியாமலே போய்விடுகிறார்கள்.

சோழப் பேரரசின் கீழ்ச் சிற்றரசர்களாக இருந்து, அப்பேரரசு தளர்ந்து ஒடுங்கிய காலத்தில் படிப்படியாகச் சுதந்திர மன்னர்களாக உயர்ந்தவர்கள் சம்புவராயர்கள். ‘அம்மையப்பன்’ என்பது அந்த வம்சத்தார் விரும்பிச் சூடிக்கொண்ட பெயர். அப்பெயர் தாங்கிய அம்மையப்பேசுவரர் ஆலயம் இன்றும் படவேட்டில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில், ஹொய்சள வேந்தன் மூன்றாம் வீர வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டு தென்னாட்டைக் காத்து நின்ற அதே காலத்தில், வென்றுமண்கொண்ட சம்புவராயரும் அவருக்குப் பின் இராஜநாராயண சம்புவராயரும் இப்பகுதியை ஆண்டார்கள். பின்னர் விஜயநகரத்து புக்கராயரின் மைந்தன் குமார கம்பணன் படையெடுத்து வந்தபோது, சம்புவராயர் இராஜகம்பீரன் மலைக்கோட்டையில் தஞ்சம் புகுந்து போரிட்டதையும், இறுதியில் தோற்றதையும், கம்பணனின் தேவியாகிய கங்காதேவியே ‘மதுரா விஜயம்’ என்னும் சமஸ்கிருத காவியத்தில் வர்ணித்திருக்கிறார்.

அரசு மறைந்தபோதிலும் ஊரின் கௌரவம் உடனே மறைந்துவிடவில்லை. விஜயநகர ஆட்சியில் இவ்வூரின் பெயராலேயே ‘படைவீட்டு இராஜ்யம்’ என்று ஒரு மாகாணமே இயங்கியது. அந்த இராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் என்ற பேதமின்றி ஒன்றுகூடி, இனிப் பெண்ணைப் பொன் வாங்கிக்கொண்டு கொடுப்பதில்லை, கன்னிகாதானமாகவே விவாகம் செய்வது என்றும், மீறுவோர் ராஜ தண்டனைக்கும் ஜாதி விலக்கத்துக்கும் உரியவராவர் என்றும் உடன்படிக்கை எழுதி, 1425-ஆம் ஆண்டில் விரிஞ்சிபுரம் கோயிலில் கல்லில் பொறித்தார்கள். ஒரு சமூகம் தன் குறையைத் தானே உணர்ந்து, திருத்தத்தைக் கல்வெட்டாக்கிய அந்தச் செயல், எத்தனையோ யுத்த வெற்றிகளைக் காட்டிலும் நினைவில் வைக்கத் தக்கது.

இன்றைய படவேட்டின் ஜீவநாடி ரேணுகாம்பாள் ஆலயமே ஆகும். ஜமதக்னி முனிவரின் பத்தினியும் பரசுராமரின் தாயுமான ரேணுகாதேவி இங்கே சிரசு வடிவில் எழுந்தருளியிருப்பதாகவும், முனிவர் யாகம் செய்த இடத்தில் தோண்டி எடுக்கப்படும் மண்ணே விபூதிப் பிரசாதமாக வழங்கப்படுவதாகவும் பக்தர்கள் போற்றுகிறார்கள். யோக ராமர் கோயிலிலோ, வில்லேந்தாத இராமபிரான் யோகாசனத்தில் அமர்ந்து சின்முத்திரை காட்ட, ஆஞ்சநேயர் எதிரே அமர்ந்து சுவடி படிக்கும் அபூர்வக் காட்சியைக் காணலாம். குன்றின் மேல் வேணுகோபாலசுவாமி சந்நிதியும் உண்டு. ஏறிச் செல்பவர்களுக்கு மலையும் வயலும் தோப்பும் ஒருங்கே காட்சி தரும்.

ஆலயங்களால் மட்டும் ஓர் ஊர் வாழ்ந்துவிடாது. செண்பகத்தோப்பில் கமண்டல நதியின் குறுக்கே அணை எழுந்திருக்கிறது. கிணற்றுப் பாசனத்தோடு ஆற்று நீரும் சேர்ந்து வாழையையும் நெல்லையும் விளைவிக்கிறது. வேலூருக்கும் ஆரணிக்கும் பஸ் வசதி உண்டு. 1996-இல் தோன்றிய ஸ்ரீநிவாசன் சேவை அறக்கட்டளை, மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைப்பதிலும், பள்ளிக்கூடங்களைச் சீர்ப்படுத்துவதிலும், சுகாதாரம் பேணுவதிலும் இவ்வூர் மக்களோடு சேர்ந்து உழைத்து வந்திருக்கிறது. சிதைந்து கிடந்த கோயில்களுள் சில திருப்பணி கண்டு மீண்டும் விளக்கேற்றப்பட்டதும் சமீப காலத்துச் செய்தியே.

1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, புதிய மாவட்டத்துக்குத் ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்றே பெயரிட்டார்கள். பின்னர் 1997-இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் நீக்கப்பட்டபோது அப்பெயரும் போயிற்று. பலகையில் பெயர் இல்லாவிட்டாலும் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகள் மீது சுண்ணாம்பு பூசாமலும், திருப்பணி என்ற பெயரால் அவற்றைப் பெயர்த்து எறியாமலும் காப்பது ஊராருக்கும் அறநிலையத் துறைக்கும் உரிய கடமை. அடுத்த ஆடியில் ரேணுகாம்பாளைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அம்மையப்பேசுவரர் சந்நிதிக்கும் சென்று, அங்குள்ள எழுத்துக்களைத் தங்கள் குழந்தைகளுக்குக் காட்டி, அவற்றை வெட்டுவித்தவர்கள் யார் என்றும் சொல்லிவிட்டு வர வேண்டும்.