பாதியில் அறுபடும் ‘கிட் புஷ்’: நெட் மட்டும்தான் காரணமா?

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. அந்த மாதிரி இரவில் இணைப்பு அறுந்தால் காற்றைக் குறை சொல்லலாம். ஆனால் சிறுசேரியிலோ செங்கல்பட்டு மகிந்திரா சிட்டியிலோ, நெட் நன்றாக இருக்கும் நாளிலும் பெரிய ‘புஷ்’ பாதியில் நிற்கிறதே, ஏன்?

விடிஞ்சா ரிலீஸ் என்றாலும் பதற வேண்டாம். ‘கமிட்’ உங்கள் லேப்டாப்பிலேயே பத்திரமாக இருக்கிறது. சர்வருக்கு அனுப்புவதுதான் தோற்றிருக்கிறது. ஆனால் கிட் விட்ட இடத்திலிருந்து தொடராது. அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

எரர் எண்ணைப் பாருங்க. 413 என்றால் அளவு வரம்பு. என்ஜின்எக்ஸ் சர்வர், மாற்றி அமைக்காதவரை, 1 எம்பிக்கு மேல் ஏற்காது. சர்வர் அட்மின்தான் அதைக் கூட்ட வேண்டும். 408, 504 என்றால் நேரம் கடந்துவிட்டது. கிட்ஹப், 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலையும் 2 ஜிபியைத் தாண்டும் புஷ்ஷையும் தடுத்துவிடும்.

“போஸ்ட்பஃபரைக் கூட்டு” என்பது பலரும் சொல்லும் வைத்தியம். பெரும்பாலான புஷ் சிக்கல்களுக்கு அது தீர்வல்ல என்கிறது கிட்டின் கையேடே.

என்ன செய்யலாம்?

* பழைய கமிட்டில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்க.
* எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பினால் வெப் சர்வரின் வரம்பு குறுக்கே வராது.
* வீடியோ, டேட்டா ஃபைல்களுக்கு கிட் எல்எஃப்எஸ் பயன்படுத்துங்க.

பெரிய ஃபைலை அடுத்த கமிட்டில் டெலிட் செய்தால் மட்டும் போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். புஷ் செய்யும்போது அதுவும் கூடவே கிளம்பும். அனுப்பும் முன் வரலாற்றிலிருந்தே அதை நீக்குங்க.