ஊர் நீரும் ஊர் மதுவும்

ஜப்பானியர் அரிசியைக் கொண்டு ஆக்கும் மது 'சாகே' எனப்படும். அந்தந்த வட்டாரத்துச் சிற்றாலைகளில் ஆக்கப்படுவதை 'ஜிசாகே', அதாவது ஊர்மது, என்பர். அரிசியும் முறையும் ஒத்திருந்தாலும் ஊருக்கு ஊர் சுவை மாறுபடுவது ஏன்?

ஆவியில் வெந்த அரிசியின் மாவுப்பொருளைக் கோஜி என்னும் பூஞ்சணம் சர்க்கரையாக்கும்; அச்சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மதுவாக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் ஒருங்கே நிகழும். எனினும் சாகேயில் நூற்றுக்கு எண்பது பங்கு நீரே ஆகும். வேறுபாட்டின் வேர் பெரிதும் அங்கேதான் உள்ளது.

கோபே நகரையடுத்த நாடா வட்டாரத்து நீர் கடினநீர். அதிலுள்ள உப்புக்கள் ஈஸ்டை ஊக்குவதால் மது விரைந்து பதமாகும். சுவையில் மிடுக்கு உண்டு. ஹிரோஷிமாவின் நீரோ மென்னீர். அங்கு நொதித்தல் தளர்ந்து, மது எளிதில் கெட்டது. அகிட்சு ஊரினரான மியூரா சென்சபுரோ இதற்கு மாற்றுக் கண்டார். கோஜியை அரிசியினுள் ஆழ வளரச் செய்து, குளிர்ச்சியில் பொறுமையாக நொதிக்கவிட்டார். பிறரும் பயன்பெற அம்முறையை 1898இல் நூலாக்கினார். 1907இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா மதுக்கள் முன்னணிப் பரிசுகளைப் பெற்றன. குறையெனக் கருதிய நீரே மென்சுவை தந்தது!

இவ்வேறுபாட்டைச் சுவைத்தறியவும் முறையுண்டு. அடியில் நீல வளையங்கள் தீட்டிய வெண்கிண்ணத்தில் ஊற்றித் தெளிவை நோக்குவர். பின்னர் முகர்ந்து, சிறிதே உறிஞ்சி நாவில் பரப்புவர்.

2024இல் இக்கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் சிற்றாலைகள் குறைந்தே வருகின்றன. ஓர் ஆலை மூடப்படின் மறைவது ஒரு மது மட்டுமன்று. ஓர் ஊர் தன் நீரோடு பழகிக் கற்ற அறிவும் ஆகும்.