லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (1822 – 1902) கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படை அதிகாரியும், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். 1858 ஆம் ஆண்டு இவர் எடுத்த படங்கள், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஊர்களின் தொடக்ககால ஒளிப்படங்களுள் அடங்கும்.

பணிமுறை

1856 இல் இப்பணியில் அமர்த்தப்பட்ட டிரைப், கருவிகளையும் வேதிப்பொருள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகச் சென்றார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் பூசிய ஈரக் கலவை உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். வெயிலில் இது கடினம். எனவே இவர் மெழுகிட்ட தாளைப் பெரிதும் பயன்படுத்தினார். அதனை வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் நனைத்து, உலர்த்தி எடுத்துச் செல்லலாம். படமெடுத்துப் பல மணி நேரம் கழித்தும் கழுவலாம். ஆனால் அதன் ஒளியுணர்வு குறைவு. நெடுநேரம் ஒளி படவேண்டியிருந்ததால் நடமாடும் மக்கள் பதியவில்லை. மலைக்கோட்டை, கோயில் மண்டபங்கள் போன்ற அசையாதவையே தெளிவாகப் பதிந்தன.

முக்கியத்துவம்

டிரைப் வந்தபோது திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் முற்றுப்பெறாதிருந்தது. அது 1987 இலேயே நிறைவுற்றது. ஆகவே, பிற்கால மாற்றங்களுக்கு முந்தைய தோற்றத்தை அறிய இப்படங்கள் உதவுகின்றன. எனினும், செலவு மிகுதி எனக் கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859 இல் இப்பணியை நிறுத்தினார்.