நாற்பதில் தெரியும் நோய்க்குக் கருவிலேயே வேர்

எங்கள் நீரிழிவுப் பிரிவின் முன்னே காலை வேளையில் அமர்ந்திருப்போரிடம், இந்நோய் எப்பொழுது தொடங்கிற்று என்று வினவினால் ஒவ்வொருவரும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். தறியை விட்டுக் கடையில் உட்கார்ந்த ஆண்டு என்பார் ஒருவர். மகள் திருமணக் கவலை என்பார் மற்றொருவர். பேக்கரித் தேநீரும் தேங்காய் பன்னும் தம்மைக் கெடுத்தன என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வோரும் உளர். இவ்விடைகள் தவறல்ல, ஆயினும் அவை கதையின் நடுவிலிருந்து தொடங்குகின்றன. இந்நோயின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் தாயின் வயிற்றில் எழுதப்படுகின்றது என்பதே கடந்த முப்பது நாற்பது ஆண்டு மருத்துவ ஆய்வுகள் நமக்குக் காட்டியுள்ள செய்தி. நீரிழிவு உள்ள குடும்பங்கள் தம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் மருமகள்களையும் எண்ணி இதனைப் படித்தல் வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடைபெற்று 2023-இல் வெளிவந்த பேராய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதாகக் கணித்தது. ஐரோப்பியரைக் காட்டிலும் நம்மவர்க்கு இது இளம் வயதில் வருகின்றது. உடல் பருக்காதவர்க்கும் வருகின்றது. ஒல்லியான தேகமுடைய முப்பத்தைந்து வயது இளைஞர், "எனக்கு எப்படி ஐயா?" என்று திகைத்து நிற்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் முதலில் சற்றுத் தொலைவு செல்லவேண்டியிருக்கும்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையை மருத்துவச்சிகள் பேரேட்டில் குறித்துவைத்தனர். ஓராண்டு நிறைந்தபோதும் எடை பார்த்து எழுதினர். டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவ அறிஞர் அப்பழைய பேரேடுகளைத் தேடியெடுத்து, அக்குழந்தைகள் பின்னர் என்ன நோயால் இறந்தனர் என்பதோடு ஒப்பிட்டார். பிறப்பிலும் ஓராண்டிலும் எடை குன்றியிருந்த ஆண்களிடையே இதயநோய் மரணம் மிகுந்திருந்ததை அவர் குழுவினர் 1989-இல் வெளியிட்டபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை.

பஞ்சம் என்றால் நம் பக்கத்து முதியோர் தாது வருடத்தைச் சொல்வர். ஐரோப்பாவில் அத்தகைய ஒன்று 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்தது. ஜெர்மானியப் படைகள் உணவுப் போக்குவரத்தை அடைத்தமையால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் குறைவான உணவே கிடைத்தது. அம்மாதங்களில் கருவிலிருந்தோரை ஐம்பது வயதில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. பசித்தவர் தாய், அரை நூற்றாண்டு கழித்து அதன் விளைவைச் சுமந்தவர் பிள்ளை.

நமக்கு மிக நெருக்கமான சான்று புணே நகரத்தைச் சூழ்ந்த ஆறு சிற்றூர்களிலிருந்து கிடைக்கின்றது. கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக் 1993-இல் அங்கு ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவ்வூர்ப் பெண்கள் வயலில் உழைப்பவர்கள். சோளமும் கம்பும் உண்பவர்கள். அவர்கள் ஈன்ற குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோவை ஒட்டியது. வியப்பு இதுவன்று. இக்குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த போதிலும், தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. குருதியிலுள்ள சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிக்கொள்வது தசை. இன்சுலினைச் சுரப்பது கணையம். இவ்விரண்டிலும் சிக்கனம் செய்து மூளையைக் காத்துக்கொண்டு பிறக்கும் உடல், வறுமையில் வாழ்ந்தால் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். அதே உடல் பின்னாளில் நாற்காலியும் வெள்ளையரிசியும் கண்டால் திணறிப்போகும். திகைத்து நிற்கும் அந்த ஒல்லி இளைஞருக்கான விடையின் பெரும்பகுதி இதுவே.

புணே ஆய்வு மேலும் இரண்டு உண்மைகளைச் சொல்லிற்று. கருவுற்ற காலத்தில் கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாயரின் குழந்தைகள் பெரியவையாகப் பிறந்தன. கடுமையான உடலுழைப்பில் ஈடுபட்ட தாயரின் குழந்தைகள் சிறுத்துப் பிறந்தன. மருமகள் தட்டில் கீரை விழுகின்றதா, அவள் தலையில் எத்தனை குடம் ஏறுகின்றது என்பன, பிறக்கவிருக்கும் பேரனின் நாற்பதாம் வயதைப் பற்றிய வினாக்களும் ஆகும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொங்கு நாடு மழை குறைந்த மேட்டு நிலம். கம்பும் ராகியும் சோளமும் கொள்ளும் உண்டு, கிணற்றில் கவலை இறைத்து வாழ்ந்த தலைமுறை இன்னும் முழுதும் மறையவில்லை. 1888-இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. சங்கு ஊத, ஷிப்டு மாற, உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் மாறின. உறக்கம் கெட்ட உடல், உண்ட உணவின் சர்க்கரையைக் கையாளுவதில் தளர்கின்றது என்பது இன்று நன்கறியப்பட்டது. இரவு ஷிப்டுக்குச் செல்வோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும். கவலை இறைத்த பாட்டனார், ஆலைக்குச் சென்ற தந்தை, கணினி முன் அமர்ந்த மகன் என மூன்றே தலைமுறையில் இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. உடலின் அமைப்பு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

இதில் கோவைக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. 1912-இல் இங்கு நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிலையம், 1918-இல் 'கோ 205' என்னும் கரும்பை வெளியிட்டு வட இந்திய வயல்களை இனிப்பாக்கிற்று. அதே நகரின் வேளாண் ஆய்வுக்கூடங்களே 'கோ' என்னும் முதலெழுத்தோடு கம்பு, ராகி, சோள இரகங்களையும் வழங்கின. நம் அடுப்படியில் எந்தக் 'கோ' வென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை!

சிறுதானியம் என்றவுடன் ஒரு தவறான எண்ணத்தைக் களைவதும் எங்கள் கடமை. சர்க்கரை உள்ளவர்க்கு ராகி நல்லது எனக் கேட்டு, நைசாக அரைத்த மாவில் நீர்த்த கஞ்சி காய்ச்சி நாள்தோறும் இரு குவளை பருகுவோர் பலர். அக்கஞ்சி குருதியில் சர்க்கரையை விரைந்து ஏற்றும். முழுத் தானியமாக, அளவோடு, கொள்ளுப் பருப்பும் கீரையும் சேர்த்து மென்று உண்பதே பயன் தரும்.

கருவறையிலிருந்து நீரிழிவுக்குச் செல்லும் பாதை பசியினது மட்டுமன்று. மிகுந்த சர்க்கரையினது மற்றொன்று உண்டு. கருவுற்ற பெண்ணின் குருதியிலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடையும். அவளது இன்சுலின் செல்லாது. ஆதலால் தாய்க்குச் சர்க்கரை ஏறினால், குழந்தையின் இளங்கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிச் சேர்க்கின்றது. குழந்தை கொழுகொழுவென்று பிறக்கும். பார்ப்போர் மகிழ்வர், பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று செவிலியர் கவலையுடன் சோதித்துக்கொண்டிருப்பர். வளர்ந்தபின் அக்குழந்தைக்கும் உடல் பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு மிகுதி. அது பெண்ணாயின், அவளது கருவிலும் அக்கதை தொடரக்கூடும்.

இச்சங்கிலியை அறுக்கும் வழியை எளிமையாக்கியவர் நம் தமிழ்நாட்டு மருத்துவர் வீ. சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை உருவாக்கிய அவர், சிற்றூரிலிருந்து பேருந்தேறி வரும் கர்ப்பிணியிடம் "நாளை வெறும் வயிற்றோடு வா" என்றால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதை உணர்ந்திருந்தார். உணவு உண்டிருந்தாலும் இல்லாவிடினும், 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை குருதி எடுக்கும் சோதனையை அவர் குழுவினர் வலியுறுத்தினர். அளவு 140 மில்லிகிராமை எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. 2007-இல் தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் அனைவர்க்கும் இச்சோதனையைச் செய்ய ஆணையிட்டது. 2014-இல் மைய அரசின் வழிகாட்டு நெறிகளும் இதனையே ஏற்றன. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

சோதனை கருவுற்ற தொடக்கத்தில் ஒரு முறையும் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் செய்யப்படும். முதலில் இயல்பாக இருந்ததே என்று இரண்டாவதைத் தவிர்த்தல் கூடாது. நஞ்சுக்கொடி சுரக்கும் இயக்குநீர்கள் இன்சுலினின் செயலைத் தடுப்பது அவ்வாரங்களிற்றான் மிகுகின்றது. குளுக்கோஸ் நீரைப் பருகிய அரைமணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மறுநாள் மீண்டும் செய்துகொள்ளலாம்.

நோய் என்று தெரிந்தபின் வீட்டில் நேர்வது எங்களுக்கு நன்கு தெரியும். "ரெண்டு உசுருக்குச் சேத்து உண்ணோணும் கண்ணு" என்று அம்மாயி ஒருபுறம் ஊட்டுவார். சோறே ஆகாது என்று பயந்து மற்றொரு புறம் பட்டினி போடுவர். வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறும் ஒப்புட்டும் வந்து குவியும். இவற்றுள் மிகுந்த தீங்கு விளைப்பது பட்டினியே என்பது எங்கள் கருத்து. ஏனெனில் அது குழந்தையை முதற்சொன்ன பசிப் பாதைக்குத் தள்ளுகின்றது. மூன்று பெருவேளை உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்து, சோற்றைக் குறைத்து, அரிசியும் பருப்பும் சாதத்தில் பருப்பின் பங்கைக் கூட்டி, முட்டையும் காயும் சேர்த்து, உண்டபின் சிறிது நடந்தால் பலருக்கு இரண்டு வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வரும். உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120-க்குள் நில்லாவிடில் மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் ஊசி குழந்தையைத் தாக்கும் என்று அஞ்சி மறுப்போர்க்கு மேலே சொன்னதையே நினைவூட்டுகிறோம்: அது நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை.

திருமணத்துக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இது கருவுற்றபின் தீர்த்துக்கொள்ளும் கணக்கன்று. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை மகள் விழுங்குகின்றாளா, பைக்குள் போடுகின்றாளா என்று கேட்டுப் பாருங்கள். முருங்கைக்கீரையும் எள்ளும் சுவரொட்டியும் கொடுங்கள். உடன் ஒரு நெல்லிக்காய் இருப்பின் இரும்பு நன்கு உட்கொள்ளப்படும். சாப்பாட்டோடு தேநீர் பருகினால் அது தடைப்படும்.

எல்லாவற்றினும் எங்களுக்கு வருத்தம் தருவது பேறுகாலத்துக்குப் பின் நிகழும் மறதி. குழந்தை பிறந்ததும் பெரும்பாலான தாயர்க்குச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும். "போயிருச்சு" என்று குடும்பம் நிம்மதியடையும். சோதனைத் தாள் பீரோவுக்குள் சென்றுவிடும். ஆனால் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு மடங்குக்கும் மேல். ஆதலால் பேறுகாலத்திலிருந்து ஆறாம் வாரம் மீண்டும் குளுக்கோஸ் சோதனையும், அதன்பின் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் வேண்டும். அடுத்த குழந்தைக்கு எண்ணும்போது கருவுறும் முன்னரே ஒன்று வேண்டும். பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு தமக்கென மருத்துவமனை வர எந்தத் தாய்க்கும் மனம் வராது.

அதனால் ஒரு வழி சொல்கிறோம். ஆறாம் வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட எவ்வாறேனும் வரத்தான் போகிறீர்கள். அன்றைக்கே தாயும் காலை உணவு உண்ணாமல், கர்ப்பகாலச் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வரட்டும். இச்சோதனைக்கு வெறும் வயிறு தேவை; குருதி இரு முறை எடுக்கப்படும்; நடுவில் இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். பாலூட்டத் தடையில்லை. முடிந்ததும் உண்பதற்குத் தூக்குப்போசியில் இட்லியோ சோறோ கட்டிக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ கணவரோ ஒருவர் உடன் வாருங்கள்.